நான் கட்டிய ஒரு முழம்

பங்குனி பிறந்ததும் எங்கள் கடலூர் வீட்டுத் தோட்டத்தில் குண்டுமல்லி இலை தெரியாமல் பூத்தது. தினமும் பறித்துக் கட்டும் என் மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் செடிப் பக்கமே போகவில்லை. அன்று நானே பறித்து, கோணல்மாணலாக ஒரு முழம் கட்டிக் காரில் வைத்தேன்.

முந்திரிப்பூ வாசனைக்கு ஆசைப்பட்டாள். காடாம்புலியூர் பக்கம் கூட்டிப்போனேன். தோப்போரம் வண்டியை நிறுத்தி, பெருமையாகப் பூவை நீட்டினேன்.

"தலையில வச்சுக்கோ."

அவள் தலையில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். கேன்சர் மருந்தில் முடியெல்லாம் கொட்டி இரண்டு மாதம் ஆகிறது. கூடவே இருக்கிற மடையன் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

பூவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க மாமா. என் போட்டோவுக்கும் நீங்களே கட்டிடுங்க."