நூற்றிப்பன்னிரண்டுக்குப் போட்ட மூடி

எங்கள் கம்பெனிக்கு ஒரு போன் வாடிக்கையாளர்கூடக் கிடையாது. கோபுரம் எங்களுடையது. அதன் கீழே இருக்கும் அறையும் பேட்டரியும் ஜெனரேட்டரும் எங்களுடையவை. மேலே ஆன்டெனாவைத் தொங்கவிட்டிருப்பவர்கள் மூன்று போன் கம்பெனிக்காரர்கள். நாங்கள் வீட்டுக்காரர்கள், அவர்கள் குடித்தனக்காரர்கள், அவ்வளவுதான். விளம்பரத்தில் அந்த மூவரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். ஒரு கோபுரத்தில் மின்சாரம் போனால் மட்டும் மூவரும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள்.

பதினோரு வருடமாக அந்தக் கழுத்து, கம்பெனியில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுபவருடையதுதான். டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் கண்காணிப்பு அறை. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஏசியை இருபதில் வைத்திருப்பார்கள். அக்கா தன் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையில் நானூற்றிச் சொச்சம் கோபுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. டீசல் குறைந்தால் மஞ்சள். மின்சாரம் போனாலோ அறைக் கதவு திறந்தாலோ சிவப்பு. சிவப்பு வந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தக் கணவர் மூன்று மாதத்துக்கு ஒரு வேலை மாற்றும் மனிதர். "அவருக்கு வேலை பிடிக்கும்டா, முதலாளிங்களைத்தான் பிடிக்காது" என்பார் அக்கா. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வாடகை, மளிகை எல்லாம் அக்காவின் சம்பளத்தில் ஓடின.

வெளியில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள் முப்பது பேர். எல்லாரும் அவருக்கு "டா". அதில் பாதிப் பேரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. குரலை வைத்தே யாருக்குக் காய்ச்சல், யார் இன்னும் சாப்பிடவில்லை, யார் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவார். அந்தக் குரல்களில் அவருக்கு ரொம்பப் பிடித்தது கொக்குவின் குரல். கால் நீளம் என்பதால் கொக்கு. ஆறு வருடம் தினமும் பேசிக்கொண்ட இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

மூடி என்றால் என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கோபுரத்தில் நம் ஆளே வேலை செய்யும்போது கதவு திறந்திருக்கும், மின்சாரம் போய்ப் போய் வரும், திரை சிவப்பாகக் கத்தும். குடித்தனக்காரர் மூவருக்கும் தகவல் தானாகப் போகும், மூன்று பேரும் கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள். அதனால் அந்த வரியைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கலாம். வரி சாம்பல் நிறமாகிவிடும், யாருக்கும் தகவல் போகாது. விதிப்படி மூடிக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். அது முடிந்ததும் அங்கே இருப்பவனைக் கூப்பிட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் அடுத்த மூடி போட வேண்டும். குரல் வராவிட்டால் உடனே ஆளை அனுப்ப வேண்டும்.

எங்கள் அறையில் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. கோபுரத்தின் மேலே நிற்பவன் போன் எடுக்க ஐம்பது மீட்டர் இறங்கி வர வேண்டும். ஒருமுறை ஒருவனின் போன் மேலிருந்து விழுந்து தூளாகிவிட்டது. அதிலிருந்து எல்லாரும் போனைக் கீழ் அறையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். "அக்கா, சாயங்காலம் வரைக்கும் போட்டு விட்டுருங்களேன்" என்பார்கள். அக்கா போட்டு விடுவார். மதிய ஷிப்டில் உட்காரும் நானும் அப்படித்தான். இருவர் சேர்ந்துதான் ஏற வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அந்த இரண்டாவது ஆள் பதிவேட்டில் மட்டும் இருப்பார்.

அன்று காலை பத்தே காலுக்குக் கொக்கு கூப்பிட்டான். கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூற்றிப்பன்னிரண்டாம் கோபுரத்தின் உச்சியில், விமானங்களை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அறையின் லைன் எப்போதும் பிஸியாகவே இருக்கும் என்பதால் அவன் கூப்பிட்டது அக்காவின் சொந்த போனுக்கு. அதுவும் எங்கள் வழக்கம்தான். அவன் சொன்னதை அக்கா பின்னால் என்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்: "மேல போறேன்க்கா. மூடிய ஆறு மணி வரைக்கும் போட்ருங்க. வெயிலு மண்டையப் பொளக்குது." அக்கா ஆறு மணி வரை போட்டார். காரணம் என்ற கட்டத்தில், சட்டென்று கைக்கு வந்தபடி, மின்சாரப் பணி என்று தட்டிவிட்டார்.

இரண்டு மணிக்கு நான் ஷிப்ட் மாற வந்தேன்.

"நூத்திப்பன்னெண்டுல கொக்கு இருக்கான். மூடி ஆறு மணி வரைக்கும்" என்றார் அக்கா, டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தபடி.

"சரிக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு போன் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மூடி விலகியது. கதவு திறந்திருக்கிறது என்று வரி சிவப்பானது. நான்கு முறை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் டீசல் இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். "கீழ கெடக்குறான் தம்பி. வந்து பிரயோஜனமில்ல."

விளக்கு எரியத் தொடங்கியது பதினொன்று நாற்பதுக்கு. அது கணினியில் இருக்கிறது. விளக்கைப் போட்டுவிட்டு இறங்கும்போது பாதியில் இடுப்புப் பட்டையின் கொக்கி விட்டிருக்கிறது. உடனே சாகவில்லை, உள்ளே ரத்தம் கசிந்து நான்கு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். மூன்று கம்பெனியின் சிக்னலும் முழுதாக இருக்கிற இடத்தில், பத்தடி தள்ளி அறைக்குள் போன் இருக்க, நான்கு மணி நேரம் கிடந்திருக்கிறான். விதிப்படி பன்னிரண்டே காலுக்கு அக்கா கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டிருக்கலாம். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அவன் பிழைக்கிறான்.

மேலாளர் மறுநாளே ஒரு தாளோடு வந்தார். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஏறுவதாக ஊழியர் தகவல் தரவில்லை, மின்சாரப் பணிக்கு மட்டுமே மூடி போடப்பட்டது என்று அதில் இருந்தது.

"சொந்த போன்ல பேசினதெல்லாம் தகவல் ஆகாதும்மா" என்றார். "நீங்க போட்டு வச்சதும் மின்சாரப் பணின்னுதானே? நான் ஒண்ணும் புதுசா எழுதலையே. பிள்ளைங்க படிக்குது இல்ல?"

அக்கா கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்து மேலாளர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்தைப் போட்டேன்.

அதற்குப் பிறகு அக்காவின் சொந்த போன் அடிக்கடி அடித்தது. கொக்குவின் எண். அவன் மனைவி கூப்பிடுகிறாள் என்று இருவருக்கும் தெரியும். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். யாரையும் திட்டுவதை விட்டுவிட்டார். டெக்னீஷியன்கள் என்னைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு அறையின் பொது லைன் அடித்தது. அக்கா எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"நூத்திப்பன்னெண்டு கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். இங்க போர்டுல இந்த நம்பர் எழுதியிருக்கு. அக்கான்னு ஒருத்தங்க உங்க ஆபீஸ்ல இருக்காங்களா?"

அக்கா கவிழ்ந்து கிடந்த தன் போனைப் பார்த்தார்.

"சொல்லாம ஏறிட்டாருன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரு முக்குக் கடைக்குப் போனாக்கூட ரெண்டு தடவ சொல்லிட்டுப் போற மனுஷன். அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். சொன்னாரா, இல்லையா?"

மேலாளரின் அறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் அக்காவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நான்தாம்மா அக்கா. இந்த லைன்ல பேசுறதெல்லாம் பதிவாகும். அதனால நிதானமா சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ." தன் பெயர், பணி எண், தேதி எல்லாவற்றையும் சொன்னார். "அன்னைக்குக் காலைல பத்தே காலுக்கு அவன் என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினான். ரெண்டு மணி நேரத்துல நான் அவனக் கூப்பிட்டுருக்கணும். கூப்பிடல. சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். அது பொய்."

ஸ்பீக்கரில் கல்குவாரி லாரி ஒன்று கடந்து போனது.

"கூப்பிட்டிருந்தா?" என்றாள் அவள்.

"இருந்திருப்பான்மா."

மேலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். அக்கா ஒரு கையை நீட்டி அவரைத் தள்ளியே நிறுத்தினார். அப்போது அந்தப் பெண் அழவில்லை, கத்தவும் இல்லை.

"எம் பையனுக்கு எட்டு வயசுக்கா. அப்பா ஏன் விழுந்தாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். யார்கிட்டயும் சொல்லாமக் கொள்ளாமப் போனா இப்படித்தான் ஆகும்னு முந்தாநாள் அவன அடிச்சுட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மறுமுனையில் லைன் துண்டிக்கப்பட்டது.

அந்தப் பதிவு இருந்ததால் கம்பெனியால் கைகழுவ முடியவில்லை. கொக்கு தகவல் சொல்லிவிட்டுத்தான் ஏறினான் என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். மூடி விதியை மீறியதாகவும் பொய்க் கையெழுத்துப் போட்டதாகவும் சொல்லி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "அந்தப் பொண்ணுகிட்ட உன் பேரச் சொல்லலடா. ரெண்டு மணிக்கு உக்காந்தவன் யாருன்னு அவ கேக்கவும் இல்ல" என்றார்.

கம்பெனி வைத்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. இப்போது அக்காவின் காலை ஷிப்டும் எனக்குத்தான்.