பித்தளை நாக்கு

தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் அந்த அம்மாளைத் தெருவே ‘மெக்கானிக்கக்கா’ என்றுதான் கூப்பிடும். சலவைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய கடை. ஓடுவது காதில் விழாததுதான் மெஷின், சத்தம் வந்தால் எங்கோ வியாதி என்பது அவருடைய கட்சி. அவர் கைபட்டுத் திரும்பிய மெஷினை ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று டெய்லர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொள்வார்.

அவருடைய அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பார்வை நடுவில் மங்கி, ஓரத்தில் மட்டும் மிச்சமிருந்தது. எதிரே நிற்பவரின் மூக்கு தெரியாது, காது தெரியும். தூண்டில் முனை ஆடுவது தெரியாத ஆளுக்கு ஏரியில் என்ன வேலை என்று மீன் பிடிப்பதையும் விட்டுவிட்டார். நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து, மிக்ஸி ஓடும் சத்தத்தை வைத்தே, அரைந்தது போதும் என்று அண்ணிக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்.

அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவோடு கடைக்கு வந்தார்.

“உங்கண்ணனை எங்கயாவது கூட்டிட்டுப் போ. முடியலன்னா என்னையாவது கூட்டிட்டுப் போயிடு.”

டப்பாவில் அப்பாவின் தூண்டில் ரீல்கள் மூன்று இருந்தன. இரண்டு சின்னவை. மூன்றாவது உள்ளங்கை அகலப் பித்தளைச் சக்கரம், மரக் கைப்பிடி. அப்பா ஏரிக்கு மகனை மட்டும்தான் கூட்டிப்போவார். பொண்ணு வாயை மூடாது, மீன் ஓடிவிடும் என்பார். அதனால் அந்த ரீல் தண்ணீர்க் கரையில் எப்படி வேலை செய்யும் என்பதை மெக்கானிக்கக்கா பார்த்ததே இல்லை.

ரீலில் பழைய கிரீஸ் கருப்பு மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். திருகுகளின் தலை சிதையாமலிருக்க ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை அதற்கென்றே தேய்த்து மெலிதாக்கினார். பல் தேய்க்கும் பிரஷ், துணி, ஊசிமுனை என்று ஒவ்வொரு இடுக்காகப் போனார். உள்ளே பல்சக்கரத்தில் உரசிக்கொண்டு, ஸ்பிரிங்கோடு, நகம் போல் ஒரு பித்தளைத் துண்டு இருந்தது. சக்கரம் சுற்றினால் அது கிர்ரென்று கத்தியது. தேய்ந்துபோன சக்கரம் ஆடாமலிருக்க அப்பா வைத்த முட்டு என்று நினைத்தார். அச்சைத்தான் சரி செய்தாயிற்றே, இனி எதற்கு? கழற்றிவிட்டார். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு டீ குடித்து முடித்தார். சக்கரம் அப்போதும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை, அதுவும் உனக்காக, என்று சொல்லித்தான் அண்ணன் ஏரிக்கு வந்தார். முதல் வீச்சிலேயே நைலான் நரம்பு வெகுதூரம் போய் விழுந்தது. வெண்ணெய் மாதிரி ஓடுது என்று புகழ்ந்தார். கம்பைக் கவைக்குச்சியில் சாய்த்துவிட்டு, மலைப்பாதையில் பிரேக் போன கதையை எடுத்தார். தங்கை மண்புழுவோடு போராடிக்கொண்டே கேட்டார். பிரேக் போன பஸ் மூன்றாவது வளைவுக்கு வந்தபோது கம்பு எகிறித் தண்ணீரில் பாய்ந்தது. தங்கை முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பிடித்தார். சக்கரத்தில் நரம்பே இல்லை. மீன் முழுவதையும் இழுத்து, அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அண்ணன் கதையை முடிக்கவில்லை. “வா, போலாம். இனி என்னைக் கூப்பிடாதே” என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். முன்னெல்லாம் இருட்டுகிற நேரத்திலும் பிடிப்பாயே, எப்படித் தெரியும் என்று தங்கை மெல்லக் கேட்டார்.

“அப்பா ரீல் கூப்பிடும்ல. நான் பாட்டுக்கு எங்கயோ பார்த்துட்டிருப்பேன், அது கிர்ர்ருன்னு கூப்பிடும். இன்னிக்கு வாயே திறக்கல. அதுக்கும் வயசாயிடுச்சு போல.”

“வயசெல்லாம் இல்லண்ணே. நாக்கை நான்தான் கழட்டிட்டேன்.”

அண்ணன் அப்போதுதான் திரும்பினார். “பொண்ணு வாயை மூடாதுன்னு உன்னை வீட்ல விட்டுட்டுப் போனாரு. அதுக்கு அவர் ரீல் வாயை மூடிட்டியாக்கும்.”

சிரித்தார். ஆனால் திரும்ப வருவதாகச் சொல்லவில்லை.

கழற்றிய பாகத்தை, மெஷின் கடையை விட்டுப் போகும்வரை மெக்கானிக்கக்கா தூக்கிப் போடமாட்டார். போன மறுநிமிடம் அது கழிவு டின்னுக்குப் போய்விடும். டின்னைப் பேப்பரில் கவிழ்த்தார். ஒடிந்த ஊசி, திருகு, துரு என்று ஒரு குன்று. காந்தத்தை விட்டு இரும்பையெல்லாம் வாரினார். காந்தத்துக்கு மசியாத சில்லறை கொஞ்சம் மிஞ்சியது. அதற்குள்ளே நகம் போல ஒன்று.

நாக்கு கிடைத்தது, ஸ்பிரிங் கிடைக்கவில்லை. பாபின் கேஸின் தகடு ஸ்பிரிங்கை வெட்டி, வளைத்துப் பொருத்தினார். பிறகு அண்ணனை வரவழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். அவர் காதோரம் ரீலைப் பிடித்துச் சுற்றினார்.

“இது எலி. அப்பாது இது இல்ல.”

கொஞ்சம் தளர்த்தினார்.

“இது சளி பிடிச்ச எலி.”

ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திருகை முடியளவு திருப்பி, தகட்டை இன்னும் சற்று நிமிர்த்திச் சுற்றியபோது அண்ணன் கையை நீட்டி ரீலை வாங்கிக்கொண்டார். தானே சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவுதானே என்று கேட்டார்.

ஞாயிறன்று மலைப்பாதைக் கதை முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாவது வளைவில் ரீல் கிர்ர்ரென்று அலறியது. அண்ணன் பாதி வார்த்தையை அப்படியே விட்டுக் கம்பைச் சுண்டினார். சத்தம் நீளும்போது விட்டார், குறையும்போது சுற்றினார். கண் ஏரியைப் பார்க்கவே இல்லை. வலையோடு தண்ணீரில் நின்ற தங்கை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டேயிருந்தார்.

“சும்மா இரு, கேக்கணும்” என்றார் அண்ணன்.

முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்.

திரும்பும் பஸ்ஸில், இந்த டிரைவர் கிளட்சைக் கொல்கிறான் என்று முணுமுணுத்தபடியே அண்ணன் தூங்கிப்போனார். மெக்கானிக்கக்கா மடியிலிருந்த ரீலை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றினார். முன்சீட்டில் இருந்தவர் திரும்பி முறைத்தார். மெக்கானிக்கக்கா நிறுத்தவில்லை.