சிவந்த கோப்பிப்பழம் மட்டும்

கலியாணம் முடித்துப் பருத்தித்துறைக்கு வந்த முதல் கிழமையிலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அந்த வீட்டில் கோப்பிக்குப் பொறுப்பு மச்சாள்தான், வேறு ஒருவரும் கைவைக்கக்கூடாது. மச்சாள் என் கணவரின் தமக்கை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கலியாணம் செய்துகொள்ளாதவர். கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் அவர் கடலில் இருப்பார். ஆகவே அந்தப் பெரிய வீட்டில் நானும் மச்சாளும்தான்.

மாமா தோணி ஓட்டிய காலத்தில், கடலுக்குப் போகும் ஆட்களுக்கென்று மாமி இடித்துக் கொடுத்த தூள் அது. கோப்பிக் கொட்டை, மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, கொஞ்சம் மிளகு. மாமாவும் மாமியும் போய், தோணியும் விலைப்பட்ட பிறகு மச்சாள் அதை விடாமல் செய்தார். ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் இரும்புத் தாச்சியை அடுப்பில் ஏற்றுவார். வாசம் தெருமுனை தாண்டும்போது பெண்கள் பேணிகளோடு படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரியில் வேலைசெய்பவர்கள் சிலர் வாங்கினார்கள். மீன்சந்தைக்குப் பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடைக்காரரும் வாங்கினார். அவ்வளவுதான் வியாபாரம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாமான்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வந்த கொட்டையில் பாதி உடைசல், மிச்சத்தில் பாதி பூச்சி அரித்தது. ஒரு புதன்கிழமை மச்சாள் சுளகில் அதைப் பரப்பிப் பார்த்துவிட்டு, தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"உந்தக் கொட்டையை வறுத்து அம்மாவின்ரை பேரைக் கெடுக்க என்னாலை ஏலாது" என்றார்.

இரண்டு நாள் வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நான் மெல்லச் சொன்னேன்: "எங்கடை வளவிலை கோப்பி நிக்குது, மச்சாள்."

"எங்கை? தென்மராட்சியிலை, உம்மடை ஊரிலையோ?"

"ஓம். கிணத்தடியிலை அஞ்சாறு மரம். ஆரும் பிடுங்கிறேல்லை. பழுத்து விழுந்து கிடக்கும்."

மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உதை ஏன் சொல்லேல்லை?"

எனக்கே அது ஒரு பொருட்டாகத் தோன்றியதில்லை. எங்கள் ஊரில் பல வளவுகளில், கமுகுக்கும் பலாவுக்கும் கீழே, கோப்பி மரம் நின்றது. எப்போதோ யாரோ நட்டது. தோல் உரித்து, கழுவி, காயவைத்து மினக்கெட ஒருவருக்கும் நேரமில்லை. கடையில் தூள் வாங்கினார்கள்.

அடுத்த நாளே கொடிகாமம் பஸ்ஸில் போய் ஓர் ஓலைக் கடகம் பழம் கொண்டுவந்தேன். பழத்திலிருந்து கொட்டை எடுக்கும் விதம் எனக்கும் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது. மாரிக்காலம் வேறு. பழத்தை அப்படியே பாயில் பரப்பினோம். நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. மச்சாள் அதைக் கொண்டுபோய்த் தேசிக்காய் மரத்தடியில் கொட்டினார்.

இரண்டாம் தடவை கையால் பிதுக்கித் தோலை எடுத்தோம். கொட்டையில் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, விடிய நாலு தரம் கழுவினால் அது போய்விடும் என்பதை மூன்றாம் தடவையில்தான் கண்டுபிடித்தோம். அந்தக் கொட்டையை நன்றாகக் காயவைத்து, உரலில் மெல்ல இடித்து உமியைப் புடைத்து, வறுத்தபோது மச்சாள் அகப்பையைப் பிடித்த கையோடு நின்று மணந்து பார்த்தார். பிறகு, "பிள்ளை, இன்னும் கொண்டாரும்" என்றார்.

எங்கள் ஐந்து மரம் எந்த மூலைக்குக் காணும்? எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு கமக்காரர் இருந்தார். வெங்காயமும் புகையிலையும் செய்பவர். சின்ன வயதிலிருந்தே நான் அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வளவில் இருபது மரத்துக்கு மேல் நின்றது.

"அதுக்கென்ன தங்கச்சி, பிடுங்கித் தாறன்" என்றவர், மறுநாளே ஒரு சாக்கைச் சைக்கிளில் கட்டி, பஸ் நிற்குமிடத்துக்குக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். பாதி வழியில் சாக்கின் அடித்தையல் விட்டது. பஸ் முழுக்கக் கோப்பிப்பழம் உருண்டது. ஆட்கள் காலைத் தூக்கிக்கொண்டு பொறுக்கித் தந்தார்கள். பொறுக்கும்போதுதான் பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, காய்ந்த கறுப்பு, இலை, சுள்ளி எல்லாம் கலந்து கிடந்தது. கொப்பைப் பிடித்து ஒரே உருவாக உருவியிருக்கிறார்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "அண்ணை, சிவந்த பழம் மட்டும்தான் வேணும்."

"காய்ஞ்சால் எல்லாம் கறுப்புத்தானே. கோப்பி கோப்பிதான்."

"இல்லை அண்ணை. பச்சை கலந்தால் கசக்கும்."

"ஒரு மரத்தைச் சுத்தி அஞ்சு தரம் வர, எனக்கென்ன வேறை வேலை இல்லையோ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விடிய நாலு மணிக்கு எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி இறைப்பவர் அவர்.

மச்சாள் இதைக் கேட்டுவிட்டு, பச்சையைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் காயவைத்து, வறுத்து, இரண்டு பேணியில் தூள் போட்டுத் தந்தார். "போய் ரெண்டையும் ஊத்திக் குடுத்துப் பாரும்" என்றார்.

அண்ணையின் குசினியிலேயே இரண்டையும் ஊற்றினேன். அவர் முதலாவதைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

எனக்கு அழுகை வருமாப்போல் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு மினக்கெட்டு! அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அதுவரை கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். வந்து, மிச்சமிருந்ததை ஒவ்வொரு மிடறாகக் குடித்தார்.

"இஞ்சருங்கோ, சுருட்டுப் பத்திப் பத்தி உங்கடை நாக்குச் செத்துப்போச்சு" என்றார். "முதல் ஊத்தினது தொண்டையைப் பிடிக்குது. இது வாயிலை நிண்டு மணக்குது."

"உனக்குத் தெரியுதோ?" என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

"ஓம், தெரியுது. தங்கச்சி, இண்டையிலை இருந்து கோப்பி என்ரை பாடு. இவர் வெங்காயத்தைப் பார்க்கட்டும்."

அப்படித்தான் வியாபாரம் எங்கள் கையிலிருந்து கொஞ்சம் அக்காவின் கைக்கும் போனது. ஒழுங்கையிலிருந்த ஒன்பது வீட்டுப் பெண்களை அவர் சேர்த்தார். சமையலுக்கு முன்னம் வேலியோரம் ஒரு சுற்று வந்து சிவந்ததை மட்டும் பிடுங்கி, தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒருத்தி அடியில் பச்சையை ஒளித்துக் கொண்டுவந்தபோது, கடகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டித் திருப்பி அனுப்பினாராம். அந்தப் பெண் ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரையும்விடத் திறமான பழம் கொண்டுவந்தவள் அவள்தான்.

பட்டணத்துக் கடைக்காரருக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே காசு கொடுத்தோம், கையோடு கொடுத்தோம். கணவன்மாரிடம் கேட்காமல் செலவழிக்க அவர்களுக்கு அதற்கு முன் ஒன்றும் இருந்ததில்லை. ஒருத்தி பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாள். ஒருத்தி கிணற்றுக் கட்டைப் பூசுவித்தாள். அக்கா முதன்முதலாகத் தனக்கென்று ஒரு குடை வாங்கினார்.

இதையெல்லாம் பார்த்து அண்ணைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தார்போலும். ஒரு மாரியில் மழை விடாமல் பெய்து கொட்டை காயாதபோது, புகையிலைக்குப் புகைபோடும் தன் குடிலைத் திறந்துவிட்டார். "உள்ளை ஒரு சொட்டுத் தண்ணி விழாது" என்றார். உண்மைதான். ஆனால் வருடக்கணக்காகப் புகை ஏறிய சுவர்கள் அவை. மச்சாள் அந்தக் கொட்டையை வறுத்தபோது மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

"இது குடிக்கிற கோப்பியோ, பத்திற கோப்பியோ?"

வீடுகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, சும்மா கொடுத்தோம். அவரோ அடுத்த கிழமை படலையில் வந்து நின்றார். "அந்தப் புகைத்தூள் இன்னும் இருக்கோ? மீன் ஏலம் கூறிற ஆக்கள் அதைத்தான் கேக்கினம்." அதன்பிறகும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணையின் முறை மல்லியில் வந்தது. இந்தியாவிலிருந்து மல்லி வருவது நின்று, இருந்ததும் தீர்ந்து, மச்சாள் மல்லியில்லாமல் ஒரு தடவை தூள் இடித்தார். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. நான் ஊருக்குப் போனபோது இதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"விதைக்குக் கொஞ்சம் வைச்சிருக்கிறியளோ?"

மச்சாள் ஒரு போத்தலில் மறைத்து வைத்திருந்ததில் ஒரு சிறங்கை வாங்கிக் கொண்டுபோனேன். அவர் அதைப் பலகையில் உரசி இரண்டிரண்டாகப் பிளந்து, மார்கழிக் கடைசியில் வெங்காயப் பாத்திகளின் ஓரத்தில் தூவினார். இலை வந்தபோது அயலட்டைப் பெண்கள் ரசத்துக்குக் கிள்ள வந்தார்கள். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது என்று அவர் பாத்திக் கரையிலேயே கதிரை போட்டு இருந்தாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பங்குனியில் பூத்து, காய்த்து, பழுப்பாகியது. அளவு கொஞ்சம்தான். ஆனால் அந்த மணி பழைய கடை மல்லியைவிடச் சின்னது, வாசமோ இரண்டு மடங்கு. அடுத்த வருடம் அவர் அதற்கென்றே ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் வந்தபிறகு, அங்கே மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரப் பெண்கள் தூள் கேட்டார்கள். நான் மாதத்தில் இரண்டு தரம் பையோடு போவேன். பட்டணத்து வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் தானே எடுப்பதாகச் சொன்னார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மச்சாள், "ஒன்பது வீட்டிலை எவ்வளவு பழுக்குதோ அவ்வளவுதான் எங்கடை தூள்" என்று முடித்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம். இப்போது இல்லை.

இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கடைகளில் கோப்பிப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அந்தத் தூள் வெந்நீரில் போட்டால் கரைந்துவிடும். ஏழெட்டு மாதம் எங்கள் படலை சத்தமில்லாமல் கிடந்தது. அக்காவிடம் போய், இந்த முறை பழம் குறைவாகப் போதும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொல்லாமலே வழக்கம்போல வாங்கினோம். கொட்டையைக் காயவைத்துப் பானைகளில் கட்டி வைத்தோம். போத்தல் கோப்பிப் புதுமை தீர்ந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பானைகள் வெறுமையாகின.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் மகளுக்குப் பருத்தித்துறைப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. மகளைக் கொண்டுவந்து விட வந்த அக்கா, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். பத்து வருடத்துக்கு மேல் பழம் அனுப்பியவரும் அதை வறுத்தவரும் அன்றைக்குத்தான் முதன்முதல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அன்று புதன்கிழமை. யாரையும் தாச்சிக்குக் கிட்ட விடாத மச்சாள், பலகை ஒன்றை இழுத்து, "இருங்கோ" என்றார். அக்கா ஒரு கை கொட்டையை அள்ளிப் பார்த்தார்.

"இது எங்கடை கிணத்தடி மரத்தின்ரை. தண்ணி கூட, அதுதான் பருத்திருக்கு."

"நான் அப்பவே நினைச்சன்" என்றார் மச்சாள். "உந்தப் பெரிய கொட்டை மெல்லத்தான் வறுபடும். சின்னனோடை சேர்த்துப் போட்டால் சரிவராது."

"அப்ப இனிமேல் தனியாக் கட்டி விடுறன்."

நான் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து இருவருக்கும் கொடுத்தேன். இருவரும் ஒரு மிடறு குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தூள் காணாது, இன்னொரு கரண்டி வேணும்" என்றார் மச்சாள்.

"தண்ணியும் கொதிக்கேல்லைப் போலை" என்றார் அக்கா.

நான் சிரித்துக்கொண்டு பேணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனேன். அக்கா நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டார். ஆறு மணி பஸ்ஸையும் தவறவிட்டார். மச்சாள் அறைக்குள் போய்த் தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தார்.