பேராலயத்துக்கு நடந்த கோலாட்டக் குழு

தொண்ணூறுகளில் நாங்கள் மதுக்கரையில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவருடைய கணவர் லாரி ஓட்டினார். அவர் வீட்டுக்கு வந்தால் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். முதலில் பாத்திரம் உருளும், பிறகு பெல்ட்டடி விழும், கடைசியில் அக்காவின் குரல் அடங்கிப்போகும். மறுநாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குழாயடிக்கு வருவார். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

அந்த வருடம் கோவையின் பழைய பேராலயத்தில் திருவிழாவோடு கலைவிழாவும் வைத்திருந்தார்கள். எங்கள் பகுதிப் பெண்கள் பாதயாத்திரையாகப் போய் அங்கே கோலாட்டம் ஆடுவதாக ஏற்பாடு. ஒரு ஆள் குறையவும் அக்கா என்னைக் கூப்பிட்டார். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். என் மாமியார் விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ எந்தச் சாமியானால் என்ன என்று சொல்லி, தன் பட்டுச்சேலையையே எடுத்துக் கொடுத்தார்.

காலையில் ஜெபமாலை சொல்லியபடி நடந்தோம். கையில் ஆளுக்கு இரண்டு கோல். குனியமுத்தூரைத் தாண்டியதும் பின்னாலிருந்து வந்த பைக் ஒன்று எங்களை மறித்து நின்றது. அக்காவின் கணவர். அக்கா அவரிடம் சொல்லாமல் கிளம்பியிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"எவனப் பாக்கறக்குப் போறே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜடையைப் பிடித்துச் சாலையில் தரதரவென்று இழுத்தார். வயிற்றில் மிதித்தார். எங்களுக்குத் துணையாகக் கூட வந்த ஆண்கள், குடும்ப விஷயம் என்று ஒதுங்கி நின்றார்கள். அவர் குனிந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து அக்காவின் வாயில் குத்தினார். ரத்தத்தோடு ஒரு பல் தார்ச்சாலையில் விழுந்தது.

மறுபடி கல் உயர்ந்தபோது அந்த மணிக்கட்டில் என் கோலை இறக்கினேன். எலும்பில் பட்ட அதிர்வு என் தோள்வரை ஏறியது. அவர் என் பக்கம் திரும்புவதற்குள் மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தலை, முதுகு, முழங்கால் என்று எங்கும் அடி. கோல்கள் முறிந்தன. முறிந்த நுனியாலும் குத்தினார்கள். ஒதுங்கி நின்ற ஆண்கள் ஓடிவந்து எங்களைப் பிய்த்து எடுக்கவேண்டியிருந்தது. நெற்றி பிளந்து, உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரம் கிடந்தவரை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அக்காவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்த்தோம். வீங்கிய வாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மணி. நான் மாதாவப் பாக்கோணும்."

மீதமிருந்த தூரத்தை எங்கள் தோளைப் பிடித்தே நடந்தார். பேராலயத்தில் ஒரு கன்னியாஸ்திரி காயத்தைக் கழுவி மருந்து வைத்தார். முழுதாக மிஞ்சிய கோல்களைப் பகிர்ந்துகொண்டு மேடை ஏறினோம். ரத்தக்கறைச் சேலைகளோடுதான் ஆடினோம். அக்கா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் தாளத்துக்குத் தன் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் போலீஸ் வரை போனது. ஸ்டேஷனில் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். அக்கா தலையாட்டவில்லை. தாராபுரத்திலிருந்து வந்த அக்காவின் அண்ணன்மார் அங்கிருந்தே அவரைக் கூட்டிப்போனார்கள். உடைந்த கையின் கட்டு அவிழ்த்த மறுநாளே அவருடைய கணவர் வந்து எங்கள் வீட்டுக் கதவைக் கடப்பாரையால் பிளந்தார். உள்ளேயிருந்து மாமியார் அரிவாளோடு வெளியே வந்தார். அதற்கப்புறம் அந்த ஆள் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.