பல்லி விழாத சமையலறை

எங்கள் பெரியம்மா கமலவேணி வீடு கட்டும் வேலை எதுவும் படித்தவள் இல்லை. ஆனாலும் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், எங்கள் டவுனில் காஜா பேராங் பகுதியில் ஒரு பங்களாவின் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கியபோது, அடுப்பு எங்கே, நாற்காலி எங்கே, விளக்கு எங்கே என்று தீர்மானித்தவள் அவள்தான். அந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில் வெளிச்சம் விழக்கூடாது. அங்கே எங்கள் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா சேதுராமன் நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது. அவர் தும்மினால் அடுத்த தெருவில் குழந்தை விழித்துக்கொள்ளும். கோயிலில் குருக்கள் கற்பூரத்தைக் கையில் எடுக்கும் முன்பே இவர் அரோகரா போட்டுவிடுவார். அப்படிப்பட்ட ஆளைத்தான் பெரியம்மா சத்தமில்லாமல் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஏற்றியது போதாமல் டவுனிலும் வீடு வீடாக வந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டுக்கும் வந்து கட்டிலுக்கு அடியில் கூடத் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். இனி பெரியப்பாவை அங்கே வைத்திருக்க முடியாது என்று பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சமைத்துக்கொண்டிருந்தது ஒரு சீன முதலாளியின் பங்களாவில். முதலாளி சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். வீட்டைப் பிடித்துக்கொண்ட மொரிதா என்ற ஜப்பானிய அதிகாரி அவளையே தொடர்ந்து சமைக்கச் சொன்னார். அந்தச் சமையலறைக்கு மேலே பலகை போட்ட பரண் ஒன்று உண்டு. அதிகாரி வீட்டுக்குள் வந்து யார் ஆள் தேடப்போகிறார்கள் என்று நினைத்து, புருஷனை அதிலே ஏற்றிவிட்டாள். கேட்டவர்களிடம், ஜொகூரில் மாமன் வீட்டுக் கிழங்குத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள். மொரிதா ஆபீசுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டு, ஏணி வைத்துச் சோறு கொடுப்பாள்.

இந்த நிலைமையில் ஒரு நாள் காலையில் மொரிதா சமையலறைக்குள் வந்து நின்றார். கூடவே தேவதாஸ். இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு, மொரிதாவுக்கு மொழிபெயர்க்கிற கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, ஆனவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனால் தமிழன் பேச்சைக் கேட்டு ஜப்பான்காரனிடம் சொல்கிற ஆள் என்று ஊரில் அவருக்குப் பெயர். மொரிதாவைவிட இவரிடம்தான் பெரியம்மாவுக்குப் பயம் அதிகம். மொரிதாவுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தெரியும்.

"இந்தச் சுவரை இடிக்கணுமாம்மா," என்றார் தேவதாஸ். "மொரிதா துவானுக்கு வயித்துக் கோளாறு. யாரோ சாப்பாட்டுல எதையோ கலக்குறாங்கன்னு சந்தேகம். கூடத்து நாற்காலியில உட்கார்ந்தா அடுப்பு தெரியணுமாம். மேல நடுவுல பெரிய லாம்பு ஒண்ணு போட்டு, மூலை முடுக்கெல்லாம் பளிச்சுன்னு இருக்கணுமாம்."

பரண் வாசல் வலது மூலையில் இருந்தது. சுவர் போனால் அது நாற்காலிக்கு நேரே தெரியும். நடுவில் விளக்கு எரிந்தால் பலகை இடுக்கில் பெரியப்பாவின் வேட்டிகூடத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் உடனே சந்தேகம் வரும்.

அவள் குனிந்து ஒரு அடுப்புக்கரியை எடுத்தாள். தரையில் ஒரு பெரிய கட்டம் போட்டாள்.

"தாராளமா இடிக்கட்டும் கிராணியாரே. ஆனா அடுப்பு இங்க, இடது பக்கம் ஜன்னலுக்குக் கீழ வரணும். இல்லேன்னா புகை பூரா துவான் மூஞ்சியில அடிக்கும். வலது மூலையில அரிசித் தொட்டி இருக்கட்டும்."

"லாம்பு?"

"மேல வேண்டாம். மேல வெளிச்சம் அடிச்சா பூச்சி வரும். பூச்சியைத் தின்ன பல்லி வரும். பல்லி குழம்புல விழுந்துச்சுன்னா என்ன ஆகும்னு துவானுக்குச் சொல்லுங்க. விஷம்." அவள் கட்டத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். "அடுப்புக்கு நேரே தாழ்வா ஒண்ணு. துவான் நாற்காலி பக்கத்துல ஒண்ணு. ரெண்டுக்கும் தகரத்துல மூடி போட்டு, வெளிச்சம் கீழ மட்டும் விழுற மாதிரி. விமானம் வந்தாலும் வெளியே தெரியாது."

தேவதாஸ் மொழிபெயர்த்தார். விஷம் என்ற இடம் வந்ததும் மொரிதா அண்ணாந்து கூரைப் பலகையைப் பார்த்தார். பிறகு அவர் தலையை வேகமாக ஆட்டினார். பல்லி வெற்றி பெற்றது.

ஒயர் இழுக்க வந்தவர் தம்பிராஜா. எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்தவர், பெரியப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி. ஒயரைப் பரண் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னபோது, பெரியம்மா அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஏணியில் ஏறினார். உள்ளே பெரியப்பாதான் ஒயரைப் பிடித்துக்கொடுத்தாராம். பலகையில் துளை போடுமுன் தம்பிராஜா அவர் காதில் சொன்னாராம்: "சேது, கீழ லாம்பு எரிஞ்சா இந்த ஓட்டை வழியா உன் மூஞ்சியில வெளிச்சம் வரும். தும்மித் தொலைக்காதே."

தும்மக்கூடாது என்று சொன்னவர் இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். அது யாருக்கும் தோன்றவில்லை.

சுவர் இடிந்தது. புழுதி அடங்கியது. முதல் தடவை விளக்குப் போட்டுப் பார்ப்பதற்கு மொரிதா பொழுது சாய்கிற நேரத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியம்மா அடுப்பருகில் நின்றாள். தேவதாஸ் வலது மூலையில் அரிசித் தொட்டியில் சாய்ந்து நின்றார். அந்த ஆள் அங்கேயா வந்து நிற்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் சபித்தாள். தம்பிராஜா சுவிட்சைத் தட்டினார்.

அவள் கரியால் போட்டது அப்படியே பலித்தது. அடுப்பும் பாத்திரமும் தங்கம்போல் மின்னின. அதிகாரியின் மடியில் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்தது. வலது மூலை கன்னங்கரேல் என்று இருந்தது. பெரியம்மாவுக்கு உயிர் வந்தது.

"முருகா!"

மேலேயிருந்துதான். அடிவயிற்றிலிருந்து, கோயிலில் போடுகிற அதே குரல். அந்தியில் விளக்கு ஏற்றினால் கையெடுத்துக் கும்பிட்டுச் சாமி பேரைச் சொல்லியே வளர்ந்த மனிதர். மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தவர் கண்ணில் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்ததும், கையும் வாயும் அவரைக் கேட்காமல் வேலை செய்துவிட்டன.

மொரிதா எழுந்துவிட்டார். கண் நேராக இருட்டு மூலைக்குப் போனது. என்னவோ அதட்டிக் கேட்டார். பெரியம்மா தானும் முருகா என்று கத்தியிருக்கலாம், தோன்றவில்லை. கத்தினாலும் அது பெண்குரலாகத்தானே இருந்திருக்கும்.

தேவதாஸ் இருட்டிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தார். விளக்கைப் பார்த்து, "முருகா!" என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். பிறகு குனிந்து வணங்கி, விளக்கேற்றினால் சாமி பேரைச் சொல்வது வழக்கம் என்பதுபோல் ஜப்பானிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

மொரிதா நம்பவில்லை. தானே போய்ச் சுவிட்சை அணைத்தார்.

மறுபடி விளக்கு எரிந்தால் அந்த மனுஷன் வாயைத் திறப்பாரே என்று பெரியம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அன்றைக்கு மாதிரி சாமியிடம் கெஞ்சியதில்லை, சாமி பேரைச் சொல்ல விடாதே என்று அந்தச் சாமியிடமே கெஞ்சினேன் என்பாள்.

மொரிதா மறுபடி சுவிட்சைத் தட்டினார்.

"முருகா!"

தேவதாஸ் மட்டும். மேலே பெரியப்பா துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

மொரிதா தேவதாஸின் கூப்பிய கையையே பார்த்தார். பிறகு பெருமூச்சுடன் உட்கார்ந்து, சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்.

பின்வாசலில் செருப்பைப் போடும்போது தேவதாஸ் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லுங்க. நாளையிலேர்ந்து நானே சொல்லிக்கிறேன். அவரு சும்மா இருந்தா போதும்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "தம்பி, உங்களைப் போய் நான்..." என்றாள். அவர் நிற்கவில்லை.

அன்றிலிருந்து மொரிதா மாற்றலாகிப் போகும்வரை, ஒவ்வொரு அந்தியிலும் தேவதாஸ் அந்த மூலையில் வந்து நின்று முருகனைக் கூப்பிட்டார். மொரிதாவுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. சில நாள் விருந்தாளிகளுக்கு முன்னாலும் சொல்லச் சொல்வார். ஊருக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? தேவாலயத்தில் பலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு உயிர் போகும்.

ஜப்பான்காரன் போனபிறகு பெரியப்பா பரணிலிருந்து இறங்கினார். வாய் மட்டும் மாறவே இல்லை. இந்தக் கதையைப் பெரியம்மா ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பல வருஷம் கழித்து, தேவதாஸ் இறந்த அன்று நானும் அவர்கள் இருவரோடும் போயிருந்தேன். கூடத்தில் சவப்பெட்டி வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியதும் அவர் மனைவி எழுந்து சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் தேவதாஸின் முகத்தில் விழுந்தது. பெரியம்மாவின் கை தானாகக் குவிந்தது.

பக்கத்தில் பெரியப்பா எழுந்து நின்றார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். பரணில் கத்திய அதே தொண்டை.

"இயேசுவே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் அவரை மெல்லப் பேசச் சொல்லி அதட்டிய பெரியம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை.