திகில் கதைக்காரி பார்த்த முகம்

மாதம் ஒரு திகில் காமிக்ஸ் எழுதுகிறவள், கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் நம்புவான். அவளுக்குத் 'தொடைநடுங்கி' என்று பெயர் வைத்ததே அவன்தான்.

அவர்களுடைய அம்மா ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை பார்த்தாள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மதியக் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவாள். மதியத்தில் ஓடியதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள். பிணங்களைத் தைத்துச் செய்த மனிதன், நிலா வந்தால் ஓநாயாகிறவன், கல்லறையிலிருந்து துணிக்கட்டோடு எழுந்து வருகிறவன். முக்கால்வாசிப் படத்தை அவள் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காதால்தான் கேட்டாள். பார்க்காமல் விட்டதை வீட்டுக்குப் போய்த் தானே இட்டுக்கட்டிக்கொள்வாள். அது திரையில் வந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். கதைக்காரி ஆனது அப்படித்தான்.

வளர்ந்த பிறகு ஓர் அச்சகத்தில் வேலை. பாதி நாள் பிழை திருத்துவாள், மீதி நாள் பேய் வளர்ப்பாள். படம் வரைகிறவனை எல்லோரும் மசி என்பார்கள். நகக்கண்ணெல்லாம் எப்போதும் கறுப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் குறிப்பு எழுதித் தருவாள்: வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, வாய் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது.

"உங்க குறிப்பு இருந்தா கண்ண மூடிட்டே வரைஞ்சுடுவேன்க்கா" என்பான் மசி.

அந்த ஆண்டு துணிக்கட்டு மனிதனைப் பற்றி ஒரு கதை எழுதினாள். மசி பாதி வரைந்திருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. சலவை ஆலையில் கொதிகலன் பார்த்துக்கொள்வது அண்ணனின் வேலை. காலையில் நீராவிக் குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டு, ஆவி நேராக அவன் முகத்தில் அடித்துவிட்டது.

"உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ வா."

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காயப் பிரிவின் கதவில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி. எட்டிப் பார்த்தாள். கட்டிலில், முழுக்க வெள்ளைத் துணி சுற்றிய தலை ஒன்று சாய்ந்திருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு கீறல். அந்தத் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

அவள் ஓடினாள். எதிரே வந்த நர்ஸை இடித்துத் தள்ளிவிட்டு, மூன்று மாடியும் இறங்கி, பஸ் நிறுத்தத்தில் போய்த்தான் நின்றாள். 'அது அண்ணன், அண்ணன்தான்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கால் திரும்ப மறுத்துவிட்டது.

நேராக அச்சகத்துக்குப் போய், "மசி, அந்தக் கதைய நிறுத்து" என்றாள்.

"பதினாறு பக்கம் முடிஞ்சிருச்சேக்கா."

"கிழிச்சுப் போடு. என்னால அதப் பாக்க முடியாது."

மசி கிழிக்கவில்லை. தாள்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

மூன்று வாரம் சாக்குச் சொன்னாள். வேலை என்றாள், காய்ச்சல் என்றாள், இருமல் தொற்றிவிடும் என்றாள். அண்ணி நம்பினாள். பிறகு ஒருநாள் அண்ணனே பேசினான்; உதடு அசையாத, குழறிய குரல்.

"நாளைக்கு முகத்துக் கட்ட ஒரேயடியா எடுத்துடறாங்க. நீ வந்து பக்கத்துல நில்லு."

"அண்ணி இருக்காங்கல்ல?"

"அவ அழுதுகிட்டே ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவா. டாக்டர் போகப் போக சரியாயிடும்பாரு. கண்ணாடியில பாக்கறதுக்கு முன்னாடி எனக்கு உள்ளது உள்ளபடி தெரியணும். நீதான் சொல்லுவ."

"எனக்கு பயமா இருக்குண்ணா."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

போனாள். நர்ஸ் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். களிம்பு நெடி மூக்கில் ஏறியது. அவள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்க்கலாம் என்று கண் அலைந்தது; விடவில்லை. கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தபோது அண்ணன் முனகினான். பிறகு முகம் தெரிந்தது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு."

மசிக்கு எழுதுவது போலவே ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள்.

"இடது காதுலேர்ந்து தாடை வரைக்கும் தோல் செவப்பா, பளபளன்னு இருக்கு. புருவம் ரெண்டும் இல்ல. மேல் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு ரெண்டு பல்லு தெரியுது. வலது கன்னம் பரவால்ல."

"மூக்கு?"

"இருக்கு. நுனி வெளுத்திருக்கு."

"பாத்தா பயமா இருக்கா?"

பக்கத்தில் நின்ற அண்ணி அவள் கையைக் கிள்ளினாள்.

"ஆமா" என்றாள்.

அண்ணன் மூச்சை இழுத்து விட்டான். "சரி. சிஸ்டர், கண்ணாடியக் குடுங்க."

வெகுநேரம் பார்த்தான். கண்ணாடியின் மறுபக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்ததும், "நீ சொன்னதுல ஒண்ணும் விடல" என்றான். வெளியே வந்தவள் நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அண்ணன் ஆலைக்குத் திரும்பினான். இப்போது துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறான். கொதிகலன் பக்கமே போவதில்லை. பூட்டி வைத்த பக்கங்களை மசி அவனிடம் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தான். "இப்படி மூக்க அடைச்சுக் கட்டினா ஆள் மூச்சு முட்டியே செத்துடுவான்டா!" கட்டை எப்படிச் சுற்றுவார்கள் என்று அவனே துண்டால் செய்து காட்டினான். மீதியை மசி வரைந்து முடிக்க, காமிக்ஸ் வெளிவந்து நன்றாக ஓடியது.

அவள் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அண்ணன் சட்டென்று திரும்பினால் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். அவனுக்கும் அது தெரியும். அவள் இருக்கும் அறைக்குள் வருமுன் ஒருதரம் இருமிவிட்டுத்தான் வருவான்.