அரை பிளேடு

கிளைச் சிறையில் ஐம்பத்திரண்டு நாள் இருந்தேன். எங்கள் தெருவில் நடந்த அடிதடி கேஸ். அடித்தவன் ஓடிவிட்டான், விலக்கப் போன நான் மாட்டிக்கொண்டேன். அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி. பின்னால் விடுதலை ஆனேன், அதை இப்போது யார் கேட்கிறார்கள்?

உள்ளே போன முதல் வாரமே வார்டர் கேட்டார், "இன்னா வேல பாக்கற?"

"ஆம்பூர்ல ஷூ கம்பெனி, ஐயா. தோல் வெட்றேன்."

"அப்ப கத்தி புடிக்கத் தெரியும். நாளையில இருந்து நீதான் ஷேவிங்."

வாய்தாவுக்குத் தாடியோடு போனால் ஜட்ஜுக்கு நம்மைப் பார்த்ததுமே குற்றவாளியாகத் தோன்றிவிடும் என்று உள்ளே எல்லோரும் நம்பினார்கள். அதனால் முந்தின நாள் காலையில் என் முன்னால் வரிசை நிற்கும். வார்டர் ஒரு பிளேடை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என்னிடம் தருவார். மறு பாதி அடுத்த பிளாக்குக்கு.

எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஒரு தோலிலிருந்து ஒரு ஜோடி கூடுதலாக எடுப்பவன்தான் கெட்டிக்காரன். பதினோரு வருஷம் அந்தப் புத்தி கையில் ஊறியிருந்தது. அரை பிளேடில் முதலில் ஆறு பேருக்குச் செய்தேன், பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. வார்டர் மெச்சினார். வெட்கமில்லாமல் நானும் பூரித்துப் போனேன். பிளேடு மழுங்கினால் உள்ளங்கையில் தீட்டிக்கொள்வேன். யாருக்காவது கீறி ரத்தம் வந்தால் படிகாரக் கட்டியைத் தேய்ப்பேன், அதுவும் எல்லோருக்கும் ஒரே கட்டிதான். கடைசியாக என் முகம். பரிமாறுகிறவன் பந்தியில் கடைசியாகத்தானே உட்கார வேண்டும்!

வெளியே வந்து இரண்டு வருஷம் கழித்து அக்காவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து போன் செய்து தனியாக வரச் சொன்னார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா ஒருவர் உட்கார வைத்துச் சொன்னார், "உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருக்குதுங்க. எப்பவாவது ஜெயில்ல இருந்திருக்கீங்களா?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. என் மூஞ்சியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? அவர் நிதானமாகவே பேசினார். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க. உள்ள இருந்து வர்றவங்களுக்கு இது ஜாஸ்தி. ஒரே பிளேடு, பச்சை குத்துற ஒரே ஊசி... அப்படித்தான் பரவுது."

வெளியே ஒன்றும் காட்டாமல் வருஷக்கணக்கில் ஈரலைத் தின்னுமாம். கண் மஞ்சளானால்தான் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும் என்று நம்பியிருந்த முட்டாள் நான். நான் முட்டாள், சரி. விஷயம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தேதான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிளேடு கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. சிறை வாசலுக்கே போய்ச் சொன்னேன். அதே வார்டர்தான் இருந்தார். "நீதான் வெளிய போய்ட்டியே, இன்னும் இன்னா பேஜாரு?" என்றார்.

யாரிடமிருந்து யாருக்குப் போனதோ, தெரியாது. என் கை வழியாகப் போனது என்பது மட்டும் தெரியும். என்னிடம் உட்கார்ந்தவர்களில் ஒருவனுடைய வீடுதான் எனக்குத் தெரிந்திருந்தது. வாணியம்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவன். தேடிக்கொண்டு போனேன்.

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "பெங்களூர்ல கூட வேல பாத்த அண்ணன்" என்று மனைவியிடம் சொன்னான். சிறையில் இருந்த நாட்களை அவளிடம் பெங்களூர் என்று சொல்லித்தான் கல்யாணமே செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அவளுக்கு நிறைமாதம்.

அவள் டீ போட உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீயும் டெஸ்ட் எடு, அவங்களுக்கும் எடுக்கச் சொல்லு. அவங்களுக்கு இருந்தா, கொழந்த பொறந்த அன்னிக்கே ஊசி போடணும். போட்டா கொழந்தைக்கு வராம தடுக்கலாமாம்."

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். "எப்படி வந்துச்சுன்னு கேப்பாளேண்ணா. ஜெயில்னு தெரிஞ்சா அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போய்டுவா."

உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த யோக்கியதையில் சொல்வது?

"சலூன்ல வந்திருக்கும்னு சொல்லு" என்றேன்.

"எந்த சலூன்னு கேட்டா?"

"கடைய மூடிட்டுப் போய்ட்டான்னு சொல்லு."

அவள் டீ கொண்டுவந்தாள். பிஸ்கட்டும் வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்து முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அவன் போன் செய்தான். அவனுக்கு இருந்தது, அவளுக்கும் இருந்தது. பெண் குழந்தை. பிறந்த அன்றே ஊசி போட்டுவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

"நல்லதுதான் பண்ணீங்கண்ணா" என்றான். "ஆனா இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க. கொழந்தைக்குப் பால் குடுக்கறப்பல்லாம் அந்த சலூன்காரனத்தான் திட்டிட்டு இருக்கா. அவன் கை அழுவிப் போவணும்னு சாபம் உடறா."